கனலும் கணிப்பும்

சென்ற மாதத்து மாலைப்பொழுதொன்றில், அயலூர்ப் பாடசாலையொன்றிலே பௌதிகம் கற்பிக்கும் இளைஞர் ஒருவர் என்னைக் காண வந்தார். ஒருகாலத்தில் என்னிடம் நன்னூல் படித்தவர். மாணவர் விஞ்ஞான மன்றத்திலே பேச ஒப்புக்கொண்டிருக்கிறாராம். காந்தத்தினாற் கட்டி நிறுத்தப்படும் பிளாஸ்மாவைக் கணினியிலே இயற்றிப் பார்க்கும் முறை பற்றிய பேச்சு. "பண்டிதர் ஐயா, விஷயம் எனக்கு ஒருவாறு விளங்குகிறது. தலைப்புக்குத்தான் சொல் அகப்படவில்லை. நீங்கள் ஒரு சொல் தரவேண்டும்" என்றார்.

சொற்கள் இல்லாமலில்லை. தமிழகத்து நூல்கள் 'உருவகப்படுத்தல்' என்கின்றன. நம் நாட்டிலே 'பாவனையாக்கல்' என்று எழுதுவாரும் உளர். ஆனால் பாவனை என்றால் நம் கடைத்தெருவிலே பொருள் வேறு. 'பாவனைக்கு உதவாதது' என்று அறிவித்தல் எழுதிப் பழகிய நாடு இது. பாவனையாளர் என்றால் பண்டம் வாங்கிப் பயன்படுத்துபவர். 'பிளாஸ்மாப் பாவனை' என்று தலைப்பிட்டால், அஃது என்ன விலை என்று கேட்க ஒரு மாணவன் இருப்பான். உருவகம் என்பதோ அணியிலக்கணத்துக்குரிய சொல்; அதனை எடுத்தாளுமுன் அதன் இலக்கணம் இங்கே பொருந்துமோ என்று பார்த்தல் வேண்டும். "தம்பி, பிள்ளையைக் காணாமற் பெயர் வைக்கலாமோ? பொருளை முதலிற் சொல்லும்" என்றேன்.

அந்தப் பேச்சு நான்கு மாலைகள் நீண்டது. அவர் சொன்னவற்றோடு, பின்னர் நானாகத் தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகின்றேன். ஒரு பெயரைப் பற்றிய விசாரணையாகத் தொடங்கியது, பேரெந்திரம் ஒன்றின் தலைவிதியைப் பற்றிய வழக்கிலே கொண்டுபோய் விட்டது.

சூரியன் எரிவது விறகு எரிவது போலன்று. அதன் நடுவிலே, ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பாகை வெப்பத்தில், ஐதரசன் கருக்கள் இணைந்து இணைந்து ஈலியமாகின்றன. அவ்விணைவிலே குறைகின்ற சிறு நிறை ஒளியாகவும் வெப்பமாகவும் வெளிப்படுகின்றது. இதனைப் பூமியிலே நிகழ்த்துவதற்கு ஐதரசனின் இரு வகைகளாகிய தூத்தேரியமும் திரித்தியமும் ஏற்றவை. சூரியனுக்கு அதன் பேரீர்ப்பு துணைநிற்கின்றது. நமக்கு அத்துணை இல்லை. ஆதலின் வெப்பத்தைச் சூரிய நடுவினும் பத்து மடங்காக, பதினைந்து கோடிப் பாகையளவுக்கு, உயர்த்த வேண்டியிருக்கின்றது. அந்த வெப்பத்தில் அணுக்கள் அணுக்களாக நில்லா. இலத்திரன்கள் வேறு, கருக்கள் வேறு எனப் பிரிந்து, மின்னேற்றங் கொண்ட துகள்களின் திரளாகி அலையும். அத்திரளே பிளாஸ்மா.

இதனை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? பாத்திரம் தாங்காது என்பது ஒன்று. சுவரைத் தொட்ட மாத்திரத்தே பிளாஸ்மா குளிர்ந்துபோம் என்பது அதனினும் பெரிய இடர். ஆகவே காந்தக் கோடுகளாலே பாத்திரம் செய்ய முனைந்தனர். மின்னேற்றங் கொண்ட துகள் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுற்றி அதன் வழியே செல்லும்; கோட்டைக் குறுக்கே கடந்து எளிதிற் போகாது. கோட்டுக்கு முனை இருந்தால் முனைவழியே ஒழுகிவிடும் என்று கருதி, கோடுகளை வளைத்து வளையமாக்கினர். வடிவம் உழுந்துவடையை ஒத்தது. வெறும் வளையமும் போதாது. துகள்கள் மேலுங் கீழுமாக விலகிப் போய்விடும். கோடுகள் முறுக்குண்டு செல்லவேண்டும். அடுக்களையிலே பானையை இருத்துவதற்கு வைக்கோலை முறுக்கி வளையமாக்கி வைப்பார்களே, அந்தப் புரியிலுள்ள ஒரு வைக்கோலைக் கண்ணாற் பின்தொடர்ந்து பாருங்கள். வளையத்தைச் சுற்றிவரும்போதே மேலும் கீழும், உள்ளும் புறமும் மாறி மாறி வரும். 'டொக்கமாக்' என்னும் எந்திரத்தினுள்ளே காந்தக் கோடு செல்லும் வழி அதுவே. சோவியத் அறிஞர்களான அந்திரேய் சகாரோவ், இகோர் தாம் என்னும் இருவர் 1950, 1951 ஆம் ஆண்டுகளில் இதற்கு வித்திட்டனர். 1951 இலேயே அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் லைமன் ஸ்பிற்சர், அந்த முறுக்கை வேறுவகையாற் பெறும் 'ஸ்டெல்லரேற்றர்' என்பதனை வகுத்தார்.

இத்துறையிலே அவசரப்பட்டுச் சொல்லிப் பின் நாணிய கதையும் உண்டு. 1958 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வுகூடத்துச் 'சீற்றா' எந்திரத்திலே கருவிணைவு நிகழ்ந்ததென்று பெரும் அறிவித்தல் வந்தது. அங்கே கண்ட நியூத்திரன்கள் வெப்பத்தால் எழுந்தவை அல்லவென்று சில மாதங்களிலே தெரிந்தது, அறிவித்தலை மீளப்பெற்றனர். 1968 இல் சோவியத்தார் தம் ரி-3 எந்திரத்து வெப்பத்தின் அளவைச் சொன்னபோது மேலைநாட்டார் நம்பத் தயங்கினர். அடுத்த ஆண்டு ஆங்கில விஞ்ஞானிகள் சிலர் தமது லேசர்க் கருவியை மொஸ்கோவுக்கே எடுத்துச் சென்று, அளந்து பார்த்து, சொன்னது மெய்யென்றனர். பனிப்போர்க் காலத்திலே தம் வீட்டினுள் பிறர் அளவுகோலை அனுமதித்தவர்களும், அளந்ததை உள்ளவாறே உரைத்தவர்களும் பெரியவர்கள்தாம்.

இனிக் கணினி எதற்கென்பது. துகள்களை ஆளும் விதிகள் அறியப்படாதவை அல்ல. மக்ஸ்வெல்லின் புலச் சமன்பாடுகளும் நியூற்றனின் இயக்க விதியும் ஒரு தாளின் ஒரு பக்கத்துள் அடங்கும். சூத்திரம் சிறிது, விரிவுதான் பெரிது. பிரான்சின் தென்பகுதியிலே கட்டப்பட்டுவரும் 'ஈட்டர்' எந்திரத்தினுள் இருக்கப்போகும் பிளாஸ்மாவின் நிறை ஒரு கிராமுக்கும் குறைவு. ஆயினும் அதன் துகள்களை எண்ணினால் ஒன்றை எழுதி ஏறத்தாழ இருபத்து மூன்று சூனியம் இடவேண்டும். ஒவ்வொன்றும் மற்றவற்றை இழுத்தும் தள்ளியும் நிற்கின்றது.

ஊரிலே ஆயிரம் பேர் இருக்கின்றார்கள் என்று கொள்வோம். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் தனித்தனியே பேசுவதானால் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேச்சு வேண்டும். அப்படியன்றி, எல்லாரும் விதானையாரிடம் தம் செய்தியைச் சொல்லிவிட்டு, ஊர்நிலை என்னவென்று அவரிடமே கேட்டுக்கொண்டால் இரண்டாயிரம் பேச்சோடு காரியம் முடியும். கணினியிலே செய்வதும் இதுவே. வெளியைச் சிறு சிறு கட்டங்களாக வகுப்பர். துகள்கள் தம் மின்னேற்றத்தைக் கட்டங்களின் மூலைகளிலே பதியும்; அப்பதிவிலிருந்து புலம் கணிக்கப்படும்; அப்புலம் துகள்களைச் சற்றே நகர்த்தும்; நகர்ந்த துகள்கள் மறுபடியும் பதியும். இவ்வாறு ஓயாது சுழலும் கணக்கு அது. துகள்களும் முழுத்தொகையல்ல, கோடிக்கணக்கானவற்றுக்கு ஒரு பிரதிநிதி. துகள்களைக் கொண்டு பிளாஸ்மாவைக் கணிக்கும் இவ்வழிக்கு ஒஸ்கார் புனெமன், ஜோன் டோசன் என்னும் இருவர் 1950 களின் இறுதியிலும் 1960 களின் தொடக்கத்திலும் அடியிட்டனர். டோசன் 1962 இல் வெளியிட்ட பிளாஸ்மா, ஒரே கோட்டில் முன்னும் பின்னும் அசையும் மின்னேற்றத் தகடுகளாலானது. பக்கவாட்டிலே அசைய அவற்றுக்கு வழியே இல்லை. அந்த ஏழைப் பிளாஸ்மாவும் உண்மைப் பிளாஸ்மாவின் சில குணங்களைக் காட்டிற்று. 1974 இல் கருவிணைவு ஆராய்ச்சிக்கென்றே ஒரு கணினி நிலையம் அமெரிக்காவின் லிவர்மோரிலே தோன்றியது.

வேறொரு தடையும் இருந்தது. ஐந்து தெஸ்லாக் காந்தப்புலத்திலே ஓர் இலத்திரன் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14,000 கோடி முறை சுற்றும். ஈட்டர் போன்ற பேரெந்திரத்திலே வெப்பம் தங்கும் காலமோ சில செக்கன். ஒவ்வொரு சுற்றையும் பின்தொடர்ந்து கணிக்கப் புகுந்தால் எந்தக் கணினியும் களைத்துப்போம். ஆதலின் சுற்றுந் துகளைத் துகளாகக் கொள்ளாது, கொடியிலே கோத்து ஓடவிட்ட வளையம்போலக் கொண்டனர். சுற்றின் எந்த இடத்திலே துகள் நிற்கின்றது என்னும் வினாவை விட்டுவிட்டால், ஆறு பரிமாணக் கணக்கு ஐந்து பரிமாணமாகச் சுருங்கும். 1982 இல் பிரீமன், சென் என்னும் இருவர் இதற்குரிய சமன்பாட்டை நிறுவினர்; அடுத்த ஆண்டு லீ என்பவர் அதனைத் துகட்கணிப்புக்கு இசைத்தார். எதனை விடலாமென்று அறிந்து விடுதலும் ஒரு புலமைதானே.

காந்த வலை இவ்வளவு செவ்வையாக அமைந்தும் வெப்பம் ஒழுகிற்று. துகள்கள் தம்முள் மோதி இடம்பெயர்வதாலே போகக்கூடிய வெப்பத்தை முன்னரே கணக்கிட்டிருந்தனர். அளந்தபோது அதனினும் பன்மடங்கு போயிற்று. காரணம் கொந்தளிப்பு. கொதிக்கும் உலைநீரைப் பார்த்தவர்க்கு இது புதிதன்று. பிளாஸ்மாவினுள்ளே சிறு சிறு சுழிகள் எழுந்து, நடுவின் வெப்பத்தை விளிம்புக்கு அள்ளி அள்ளி எறிகின்றன. 1982 இல் ஜேர்மனியின் கார்ஷிங் நகரத்து 'அஸ்டெக்ஸ்' எந்திரத்திலே பிரிட்ஸ் வாக்னர் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். வெப்பமூட்டலை ஓரளவுக்குமேல் உயர்த்தியதும் பிளாஸ்மாவின் விளிம்பிலே கொந்தளிப்பு அடங்கியது. வெப்பம் தங்குங் காலம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. இதனை எந்தக் கணினியும் முன்னறிந்து சொல்லவில்லை. இச்செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

வழக்குக்கு வருகின்றேன். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், ருஷியா என்னும் நான்கும் கூடி 1990 களிலே வகுத்த முதல் ஈட்டர், இன்று கட்டப்படுவதிலும் பெரியது. வளையத்தின் ஆரை எட்டு மீற்றருக்கு மேல். தரவேண்டிய வலு 1,500 மெகாவாற்று. செலவு ஏறத்தாழ ஆயிரங்கோடி டொலர் என்றனர். வெளியிலிருந்து சூடேற்றாமலே பிளாஸ்மா தானாக எரிதல் அதன் இலக்கு. அத்தனை பெரியதை எந்த அளவு கொண்டு வகுத்தனர்? முன்பு கட்டிய சிறு எந்திரங்களில் வெப்பம் எவ்வளவு நேரம் தங்கிற்று என்று கணக்கெடுத்து, அக்கோட்டை மேலே நீட்டி, பெரியதில் இவ்வளவு தங்கும் என்றனர். தமையன்மாரின் உயரத்தைப் பார்த்து, வளரப்போகும் தம்பிக்குச் சட்டை தைப்பது போன்றது.

டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்து மைக்கல் கொட்சன்ரொய்தரும் வில்லியம் டோர்லண்டும் அவ்வழியிற் செல்லவில்லை. பிரின்ஸ்டனைச் சேர்ந்த பியர், ஹமெற் என்பாரோடு கூடி, கொந்தளிப்பையே கணினியில் எழுப்பி, அதிலிருந்து வெப்ப ஒழுக்கைப் பெறும் முறையொன்றை 1995 இல் வெளியிட்டனர். அந்த முறையை ஈட்டருக்கு ஏற்றிப் பார்த்தபோது விடை கசப்பாயிருந்தது. வகுத்தபடி கட்டினால் எந்திரம் தானாக எரியாது. குறித்த வலுவுக்கு மிகக் குறைவாகவே கிடைக்கும் என்று கணக்குச் சொல்லிற்று. 1996 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழ் இதனை உலகறியச் செய்தது.

ஏன் அப்படி? நெற்குவியலைப் பார்த்தவர்கள் எளிதிலே உணர்வர். அகலங் குறித்த ஒரு மேடையின்மேல் நெல்லைக் கொட்டக் கொட்டக் குவியல் உயரும். சரிவு ஓர் எல்லையை அடைந்ததும் நெல் வழிந்தோடத் தொடங்கும். அதன்பின் எத்தனை மூடை கொட்டினாலும் உச்சி உயராது. மிகுதி விளிம்பால் விழும். பிளாஸ்மாவின் வெப்பமும் அவ்வாறே. நடுவுக்கும் விளிம்புக்கும் இடையேயுள்ள வெப்பச் சரிவு ஓர் எல்லையைக் கடந்தால் கொந்தளிப்பு மூண்டு மிகுதியை வெளியே தள்ளிவிடும். உச்சியை உயர்த்த வழி யாது? மேடையை உயர்த்துவதே. வாக்னர் கண்ட விளிம்பின் அமைதி அத்தகைய மேடையைத் தருகின்றது. ஆங்கிலத்திலும் அதற்குப் பீடம் என்று பொருள்படும் சொல்லே வழங்குகின்றது. ஆனால் இன்னும் கட்டாத எந்திரத்திலே பீடம் எவ்வளவு உயரமாயிருக்கும் என்பது அன்று எவர்க்கும் திட்டமாகத் தெரியாது.

எளிதாக்கிய சமன்பாடுகளால் ஆய கணிப்பொன்றை நம்பி உலகக் கூட்டு முயற்சியைக் கைவிடுவதா என்பது ஒரு கட்சி. நீட்டிப் பார்த்த கோடொன்றை நம்பி ஆயிரங்கோடி டொலரைக் கொட்டுவது மட்டும் தகுமோ என்பது மறுகட்சி. நம் வித்துவான்களாயின் கண்டனமும் கண்டனத்துக்குக் கண்டனமும் எழுதி ஒரு தலைமுறையைப் போக்கியிருப்பர். நானும் அவ்வகையினன், ஒளிப்பானேன்? அவர்கள் செய்தது வேறு. சன் டியாகோ நகரத்து 'டி-மூன்று-டி' எந்திரத்திலே முன்பு நிகழ்ந்த ஒரு சோதனையின் அளவுகளை எடுத்து, அவற்றைச் சுருக்கி, ஒரே வினாவாக அமைத்தனர். வெவ்வேறு நிலையத்தார் எழுதிய வெவ்வேறு கணிப்புக்கள் அந்த ஒரு வினாவுக்கு விடை கூறல் வேண்டும். 'சைக்கிளோன்' என்பது அம்முயற்சியின் பெயர். லிவர்மோரைச் சேர்ந்த அன்றிஸ் டிமிற்ஸ் முதலாயினோர் 2000 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர்.

விடைகள் ஒத்திருக்கவில்லை. பிளாஸ்மாவை ஓடுந் திரவம்போலக் கருதி எளிதாக்கிய கணிப்புக்கள், துகள்களைக் கொண்டு செய்த கணிப்புக்களிலும் கூடிய வெப்ப ஒழுக்கைக் காட்டின. சரிவின் எல்லையிலும் ஒரு புதுமை வெளிப்பட்டது. வெப்பச் சரிவை ஓர் எண்ணாற் குறிப்பர். வளையத்தின் ஆரையை, வெப்பம் தேயும் நீளத்தாற் பிரித்து வருவது அது. அவ்வெண் 4 ஐக் கடந்தால் கொந்தளிப்பு முளைக்கும் என்று அடிப்படைக் கணக்குக் கூறிற்று. துகட்கணிப்பிலோ, 4 க்கும் 6 க்கும் இடையே கொந்தளிப்பு முளைத்தும் அடங்கிப் போயிற்று. 6 ஐத் தாண்டிய பின்பே வெப்பம் ஒழுகிற்று. இந்த இடைவெளிக்கு டிமிற்ஸின் பெயரே நிலைத்துவிட்டது.

அடக்கியது எது? கொந்தளிப்புத் தானே. சுழிகள் எழும்போது அவற்றிலிருந்தே வளையத்தைச் சூழ்ந்தோடும் மெல்லிய ஓட்டங்கள் பிறக்கின்றன. அடுத்தடுத்த ஓட்டங்கள் எதிரெதிரே செல்வதால் இடையில் அகப்பட்ட சுழிகள் கிழிந்துபோகின்றன. வியாழக் கோளின் முகத்திலே காணப்படும் பட்டைகளும் இவ்வினத்து ஓட்டங்களே. 1998 இல் பிரின்ஸ்டனைச் சேர்ந்த லின் முதலாயினோர் இவ்வோட்டங்களை நீக்கியும் சேர்த்தும் கணித்து, சேர்த்தபோது வெப்ப ஒழுக்கு வெகுவாகக் குறைதலைக் காட்டினர். அதே ஆண்டு மார்ஷல் றோசன்புளுத், பிரெட் ஹின்ரன் என்னும் இருவர், மோதல் அற்ற பிளாஸ்மாவிலே அவ்வோட்டங்களில் ஒரு பகுதி அழியாது எஞ்சும் என்று சமன்பாட்டு வழியாலேயே நிறுவினர். எளிதாக்கிய கணிப்புக்களில் அந்த எச்சமும் தேய்ந்து மறைந்துவிட்டிருந்தது. பிழை அங்கேயிருந்தது.

அப்படியானால் டெக்ஸாஸார் கூற்று முழுப்பிழையோ? அன்று. ஒழுக்கின் அளவு அவர்கள் கணக்கிலே மிகைப்பட்டிருந்தது. சரிவுக்கு ஓர் எல்லை உண்டு, உச்சி பீடத்தையே நம்பி நிற்கின்றது என்னும் அடிப்படை நிலைத்தது. இதற்கிடையே, முக்கியமாகப் பணத்தின் பொருட்டு, அமெரிக்கா 1998 இல் விலக முடிவுசெய்தது. 2003 இல் மீண்டது. பெரிய எந்திரம் கைவிடப்பட்டு, 6.2 மீற்றர் ஆரையும் 500 மெகாவாற்று வலுவும் கொண்ட சிறியது 2001 இல் வகுக்கப்பட்டது. சீனா, தென்கொரியா, இந்தியா என்பனவும் சேர, 2006 இல் ஒப்பந்தம் ஒப்பமாயிற்று.

கணிப்பு அதன்பின்னும் வளர்ந்தது. தூத்தேரியக் கரு இலத்திரனினும் ஏறத்தாழ 3,670 மடங்கு நிறையுடையது. ஆதலின் கருக்கள் எழுப்பும் சுழிகள் பெரியவை, இலத்திரன்கள் எழுப்புவன அவற்றில் அறுபதில் ஒரு பங்கே. நெடுங்காலம் இரண்டையும் தனித்தனியே கணித்து வந்தனர். 2010 களின் நடுப்பகுதியில், மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிலையத்து 'அல்கேற்றர் சி-மொட்' எந்திரத்தின் பிளாஸ்மாவுக்கு இரண்டையும் ஒருங்கே கணித்தபோதுதான், அளந்த வெப்ப ஒழுக்கோடு கணக்கு இசைந்தது. அத்தகைய ஒரு கணக்குக்குக் கோடிக்கு மேற்பட்ட கணினி மணித்தியாலங்கள் வேண்டும். ஒரே கணிப்பான் தனித்துச் செய்தால் ஆயிரம் ஆண்டைக் கடக்கும். 2022 இல் வெளிவந்த செய்தியொன்று வேறுவகையானது. கணினிப் பிளாஸ்மாவிலே பழக்கிய கட்டுப்பாட்டு நிரலை, சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத்து எந்திரத்தின் காந்தச் சுருள்களை ஆளவிட்டனர். உண்மைப் பிளாஸ்மாவும் வேண்டிய வடிவெடுத்து நின்றது.

இவற்றையெல்லாம் கேட்டபின்பு 'உருவகம்' என்னும் சொல்லை நான் தள்ளிவிட்டேன். உவமையிலே பொருள் வேறு, உவமானம் வேறு. நடுவே 'போல' என்னும் உருபு நின்று இரண்டையும் சேர்த்தும் வைக்கும், பிரித்தும் வைக்கும். உருவகத்தில் அவ்வுருபு மறைந்து, இரண்டும் ஒன்றாகிவிடும். கவிஞனுக்கு அஃது அழகு. கணினியிலுள்ள பிளாஸ்மாவோ பிளாஸ்மா போன்றது, பிளாஸ்மா அன்று. அன்றியும், உவமை என்றால் எந்தப் பண்பிலே ஒப்பு என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. முகத்துக்குத் தாமரை மலர்ச்சியில் உவமை. தண்டின் முள்ளில் அன்று. 1996 இன் கணிப்பு எத்தனையோ பண்புகளில் ஒத்திருந்தது. அழியாது எஞ்சும் அந்த ஓட்டத்தில் மட்டும் ஒவ்வாதொழிந்தது. ஆகவே 'உவமக் கணிப்பு' என்று வைத்துக்கொள்ளும் என்றேன்.

அவர் சற்றுத் தயங்கினார். "ஐயா, சோதனைத் தாளில் வருவது வேறு சொல்லாயிருந்தால் பிள்ளைகளுக்குக் கரைச்சலாகுமே" என்றார். நியாயந்தான். இரண்டையும் கரும்பலகையில் எழுதும்படி சொன்னேன்.

பேச்சு நிகழ்ந்த அன்று நானும் பின்வரிசையில் இருந்தேன். நெற்குவியலையும் வைக்கோற் புரியையும் அவர் நன்றாகவே எடுத்துச் சொன்னார். முடிவிலே ஒரு மாணவன் எழுந்து, "உவமை என்றால் பொருள் ஒன்று இருக்கவேண்டுமே, சேர்! ஈட்டருக்குக் கணிக்கிறார்கள் என்றீர்கள். அந்தப் பிளாஸ்மா இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். எங்கும் இல்லை என்றார் ஆசிரியர். எந்திரம் இன்னும் கட்டி முடியவில்லை. 2024 இல் வெளியிட்ட ஒழுங்கின்படி ஆராய்ச்சி 2034 இல் தொடங்கும், தூத்தேரியமும் திரித்தியமும் சேர்த்து இடுவது 2039 இல் என்று தேதிகளை எழுதிக் காட்டினார். அந்த மாணவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். அப்போது தனக்கு முப்பது வயது கடந்திருக்கும் என்று பக்கத்திலிருந்தவனிடம் சொல்லிவிட்டு, அவ்விரு ஆண்டுகளையும் தன் கொப்பியிலே குறித்துக்கொண்டான்.